1200 என்ற எண்ணும் எங்கள் வீட்டுத் தேங்காயும்

"அக்கா, நாளுக்கு 1200 கலோரிக்கு மேல போகாதேங்கோ. அப்பதான் கொழுப்புக் கரையும்."

ஜிம்மில் பயிற்சி சொல்லித் தரும் தம்பி இதைச் சொன்னது போன வருடத் தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை. அப்போது எனக்கு வயது 39, உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 71 கிலோ, இடுப்புச் சுற்றளவு 92 சென்ரிமீற்றர். ஜிம்முக்குப் போகத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. திருகோணமலை உவர்மலையில் இருக்கும் வீட்டிலிருந்து விடியப்புறம் இறங்கிப் போனால், 5.30க்குப் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மணித்தியாலம் கிடைக்கும். தகரக் கூரை, இரண்டு பார்பெல், துருப்பிடித்த இரும்புத் தட்டுகள், அவ்வளவுதான் ஜிம். ஆனால் நிலத்தில் கிடக்கும் பாரத்தை நிமிர்ந்து நிற்கும் வரை தூக்கும் டெட்லிஃப்டில் நான் 60 கிலோவை ஐந்து தரம் தூக்கும் நிலைக்கு வந்திருந்தேன். பாரம் ஏறியது. எடைதான் இறங்கவில்லை.

தம்பி சொன்ன அன்றிரவே போனில் ஒரு கலோரி செயலியை இறக்கினேன். வயது, உயரம், எடை எல்லாம் கேட்டுவிட்டு அதுவும் 1200 என்றது. இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் நம்பாமல் என்ன செய்வது?

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று விளங்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது. ஒரு கிழமைக்கு எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று செயலி கேட்டபோது, ஆசையில் ஒன்று என்று அழுத்தியிருந்தேன். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. அதை ஏழு நாளில் கரைக்க வேண்டுமென்றால் நாளுக்கு 1100 கலோரி குறைக்க வேண்டும். என் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதே 1800 சொச்சம். கழித்துப் பார்த்தால் 700 வரும். பெண்களுக்கு 1200க்குக் கீழே காட்டாதபடி அந்தச் செயலியை அமைத்திருந்தார்கள். அதனால் அது 1200இல் நின்றுகொண்டது. எனக்காகப் போட்ட கணக்கு என்று நான் நம்பியது, கணக்கு தரையில் முட்டி நின்ற இடம். 80 கிலோ பெண்ணும் 60 கிலோ பெண்ணும் அதே அவசரத்தில் அழுத்தினால் அதே 1200தான் வரும்.

முதல் கிழமை 1.8 கிலோ குறைந்தது. கந்தோரில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அது கொழுப்பு இல்லை. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கும் மாச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராமளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைத் திடீரென்று குறைத்தால் முதலில் அந்தத் தண்ணீர்தான் வடியும். இரண்டாம் கிழமை 400 கிராம். மூன்றாம் கிழமை ஒன்றுமில்லை. அந்தக் கிழமைதான் டெட்லிஃப்டில் 60 கிலோ நிலத்தை விட்டு எழும்பவில்லை. 55ஐயும் இரண்டு தரத்தோடு வைத்துவிட்டேன். பங்குனி வரும்போது 50தான் முழுதாக ஐந்து தரம் முடிந்தது. இரவில் நித்திரை இல்லை. பிள்ளைகளோடு ஒரு வார்த்தைக்கு மூன்று வார்த்தை. திருகோணமலையில், அதுவும் பங்குனியில், மின்விசிறிக்குக் கீழே இருந்து எனக்குக் குளிர்ந்தது. "காய்ச்சலோ பிள்ளை?" என்று மாமி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சரி, இவ்வளவு வதைபட்டும் எடை ஏன் நின்றது? அந்த மாதங்களில் எழுதிய கொப்பியை இப்போது பார்த்தால் பதில் அதிலேயே இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை 1250 போல எழுதியிருக்கிறேன். சனி, ஞாயிறு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. வெறுமையாக இருந்தது பக்கம்தான், வயிறு இல்லை. சனி இரவு பிள்ளைகளுக்கென்று வாங்கிய கொத்து ரொட்டியில் பாதி எனக்குள் போனது. ஞாயிறு காலைப் புட்டு, மத்தியானம் நண்டுக்கறி, பின்னேரம் ரோல்ஸ். அந்த நாட்களை நேர்மையாக 2600 என்று போட்டால் ஐந்து நாள் 6250, இரண்டு நாள் 5200, ஏழால் பிரித்தால் நாளுக்கு 1636. அதாவது 1200இன் பசியையும் கோபத்தையும் முழுதாக அனுபவித்துவிட்டு, 1636இன் பலனை வாங்கியிருக்கிறேன். தொடக்கத்திலேயே 1600 சாப்பிட்டிருந்தால் இதே பலன் சிரித்த முகத்தோடு கிடைத்திருக்கும்.

சித்திரைப் புத்தாண்டோடு எல்லாவற்றையும் விட்டேன். பலகாரம் முடிந்து தராசில் ஏறியபோது 70.4. மூன்று மாதத்துக்கு 600 கிராம்.

கோபத்தில் ஒரு நல்லது நடந்தது. இன்னொருவர் தந்த எண்ணை எடுக்காமல் நானே கணக்குப் போட உட்கார்ந்தேன். 1990இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாட்டுக்குக் கல்குலேட்டர் போதும். எடையைக் கிலோவில் பத்தால் பெருக்குங்கள். உயரத்தைச் சென்ரிமீற்றரில் 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள். பெண்ணென்றால் இன்னும் 161ஐக் கழிக்க வேண்டும். ஆணென்றால் 5ஐக் கூட்ட வேண்டும். தை மாத எடைக்கு எனக்கு வந்தது ஏறத்தாழ 1340. இது நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு எரிக்கிற அளவு. நான் 1200 சாப்பிட்டு, கந்தோருக்கும் போய், பார்பெல்லும் தூக்கியிருக்கிறேன்.

இதை ஒரு நாளின் மொத்தச் செலவாக்க இன்னொரு எண்ணால் பெருக்க வேண்டும். உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2, கொஞ்சம் அசைபவருக்கு 1.375, நடுத்தரமாக அசைபவருக்கு 1.55 என்று போகும். இங்கேதான் எல்லாரும் தங்களைத் தாங்களே ஏமாற்றுவது. கிழமைக்கு மூன்று நாள் ஜிம் போகிறேனே, நான் நடுத்தரம்தானே என்று தோன்றும். 1.55ஆல் பெருக்கினால் 2077 வரும், சந்தோசமாக இருக்கும். ஆனால் மூன்று மணித்தியாலப் பயிற்சிக்கு எதிரே நாற்பது மணித்தியாலக் கதிரை இருக்கிறது. 1.375ஐ எடுத்தேன், 1840 வந்தது. 200 கலோரிக்கு மேல் வித்தியாசம்.

கையில் கட்டும் மணிக்கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மணித்தியாலம் பாரம் தூக்கினால் 400 கலோரி எரித்தாய் என்று அது சொல்லும். என் அளவு உடம்புக்கு அந்த ஒரு மணித்தியாலத்தில், இடையில் ஓய்வெடுத்து நிற்பதெல்லாம் சேர்த்து, 200 சொச்சம்தான் நியாயம். அதுவும் 1.375க்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. "400 எரித்தேன், 400 சாப்பிடலாம்" என்று போனால் ஒரே காசை இரண்டு தரம் செலவழித்த கதை.

இனி எங்கள் வீட்டுத் தேங்காய்.

வீட்டில் நான், இவர், மாமி, இரண்டு பிள்ளைகள், ஐந்து பேர். சமையல் பெரும்பாலும் மாமி கையில். நான் சின்ன டிஜிற்றல் தராசு ஒன்றை வாங்கி வந்தபோது "தங்கம் நிறுக்கப் போறியோ?" என்று கேட்டார். முதலில் நிறுத்தது தேங்காய்ப்பூவைத்தான். எங்கள் வீட்டுக்கு வரும் நடுத்தரத் தேங்காயைத் துருவினால் 220 கிராம் வந்தது. நூறு கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரிக்குக் கொஞ்சம் மேல். ஆகவே ஒரு தேங்காய் 780. நாளுக்கு எங்களுக்கு இரண்டு தேங்காய்: ஒன்று காலைச் சம்பலுக்கும் புட்டுக்கும், மற்றது கறிக்கும் சொதிக்கும் பாலாக.

சம்பல் தேங்காய் முழுதாக வயிற்றுக்குள் போகிறது: 780ஐ ஐந்தால் பிரித்தால் தலைக்கு 156. பால் பிழியும் தேங்காயில் கொஞ்சக் கொழுப்பு சக்கையோடு போய்விடும். மூன்றில் இரண்டு பங்கு பாலில் இறங்குவதாக வைத்துக்கொண்டேன். அப்படியென்றால் தலைக்கு 104. கூட்டினால் 260. ஆனால் 1200 நாட்களின் கொப்பியில் நான் எழுதியிருந்தது "சம்பல் 30, சொதி 40". ஒரு நாளைக்கு 190 கலோரி கொப்பிக்கு வெளியே நின்றிருக்கிறது. மீன் பொரித்த எண்ணெய் தனி. ஒரு மேசைக்கரண்டி 14 கிராம், 120 கலோரி. அதை நான் எழுதியதே இல்லை.

பெரிய உடம்புள்ள ஆம்பிளைக்கு இந்த 190 ஒரு தூசு. அவர் நாளுக்கு 2700 செலவழிப்பார், 500 குறைப்பார், 190 தவறினாலும் 310 மிஞ்சும். என் அளவுப் பெண்ணுக்கு நாளுக்கு 300 குறைப்பதே பெரிய காரியம். அதில் 190 தவறினால் மிச்சம் 110. தராசு அதைக் காட்டவே காட்டாது. "நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை, ஆனாலும் குறையுதில்லை" என்று கந்தோரில் மூன்று பேராவது சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்வதில்லை, தேங்காயை எண்ணுவதில்லை. 1992இல் அமெரிக்காவில் இப்படிச் சொன்ன ஒரு சிறிய குழுவை ஆய்வுக்கு எடுத்து அளந்து பார்த்தார்கள். அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 வீதம் குறைத்துச் சொன்னார்கள், உடல் உழைப்பை 51 வீதம் கூட்டிச் சொன்னார்கள். உடம்பு எரிப்பதில் குறை இருக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

மாமியின் சமையலை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கறி கெட்டிருக்கும், வீடும் கெட்டிருக்கும். என் சாப்பாட்டுக் கோப்பையில் மட்டும் மாற்றினேன். சம்பல் 20 கிராம், நிறுத்து. கறியில் மீனையும் காயையும் எடுத்துக்கொண்டு கட்டிப்பால் குழம்பைச் சட்டியிலேயே விட்டேன். சோற்றுக்குத் தண்ணிப்பால் சொதி. பால் விடாத புளிக்குழம்பு வைக்கும் நாட்களில் மட்டும் குழம்பு தாராளமாக. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியபோது மாமி தானாகவே இரண்டை ஒன்றரை ஆக்கினார். என் கொப்பியால் முடியாததை விலை செய்தது.

தேநீரைச் சொல்லாமல் விடக்கூடாது. நாளுக்கு நாலு பால்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கோப்பைக்குப் பால்மா 10 கிராம், சீனி இரண்டு தேக்கரண்டி: 50உம் 40உம் 90. நாலுக்கு 360. பிறகு நான் வந்து நின்ற 1450 கலோரியில் நாலில் ஒரு பங்கு தேத்தண்ணியாகவே போனால் சோறு எங்கே வைப்பது? காலையில் ஒன்று மட்டும் பாலோடு. மற்றதெல்லாம் பிளேன்டீ, பக்கத்தில் கடித்துக்கொள்ள ஒரு சின்னத் துண்டு பனங்கட்டி. என் அம்மம்மா அப்படித்தான் குடிப்பா.

ஒரு மனக்குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பரிசி, குரக்கன் எல்லாம் "கலோரி இல்லாத சாப்பாடு" என்று பலர் நினைக்கிறார்கள். நார்ச்சத்து கூட, வயிறு நிறைந்தாற்போல இருக்கும், நல்லதுதான். ஆனால் கலோரி ஏறக்குறைய ஒன்றே. குரக்கன் புட்டுக்கும் தேங்காய்ப்பூ அதே அளவுதான் போடுகிறோம். முன்பு நான் மத்தியானம் 350 கிராம் சோறு சாப்பிட்டேன். இப்போது 180 கிராம். நூறு கிராம் அவித்த சோறு 130 கலோரி என்று எழுதுகிறேன், எந்த அரிசியானாலும்.

அப்புறம் நான் செய்ததுதான் இந்த வருடத்தில் எனக்குப் பிரயோசனப்பட்ட ஒரே சோதனை. 1840 என்ற கணக்கை நம்பவும் இல்லை, எறியவும் இல்லை. அதிலிருந்து 300 அளவு குறைத்து 1550 என்று வைத்து, நாலு கிழமை அதையே சாப்பிட்டேன். சனி, ஞாயிறும் எழுதினேன். தினமும் காலையில் கழிவறை போய் வந்து, ஒன்றும் குடிக்காமல் தராசில் ஏறுவேன். அன்றைய எண்ணைப் பார்த்துச் சந்தோசமோ துக்கமோ படுவதில்லை என்று எனக்கு நானே கட்டளை. கிழமை முடிவில் ஏழு நாள் சராசரி மட்டும்தான் கணக்கு.

ஏன் நாலு கிழமை? பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். எனக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஏறும். இரண்டு கிழமைச் சோதனை அந்த நாட்களில் முடிந்தால் "ஒன்றும் குறையவில்லை" என்று தோன்றும். முடிந்த பிறகு பார்த்தால் "மாயம்!" என்று தோன்றும். இரண்டும் பொய். இந்த மாதத்தின் ஒரு கிழமையைப் போன மாதத்தின் அதே கிழமையோடு ஒப்பிட வேண்டும். தம்பி இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. அவனுக்கு இது தெரிய வேண்டிய தேவை வந்திருக்காது.

70.4 நாலு கிழமையில் 69.6 ஆனது. 800 கிராம், கிழமைக்கு 200 கிராம். 200 கிராம் கொழுப்பென்றால் 1540 கலோரி. ஏழால் பிரித்தால் நாளுக்கு 220. நான் எழுதியது 1550. ஆகவே என் உண்மையான செலவு 1550உம் 220உம் சேர்த்து 1770. சமன்பாடு சொன்ன 1840 இல்லை.

இந்த 1770க்குள் என் பிழைகளும் இருக்கின்றன. பாலில் மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்தது பிழையாக இருக்கலாம், மாமி ஊற்றிய எண்ணெயை நான் குறைத்து மதித்திருக்கலாம். பரவாயில்லை. தினமும் ஒரே மாதிரிப் பிழை விட்டால் பிழையும் கணக்கில் அடங்கிவிடும். சரியான உண்மைக் கலோரி எனக்குத் தேவையில்லை. என் கொப்பியின் பாசையில் எவ்வளவு எழுதினால் எடை எப்படி அசைகிறது என்று தெரிந்தால் போதும். ஆனால் அளக்கும் முறையை நடுவில் மாற்றக்கூடாது.

1770இலிருந்து 320 குறைத்து 1450. கிழமைக்கு 300 கிராம் போகும். என் எடையில் அது அரை வீதம்கூட இல்லை. பாரம் தூக்குபவர்களுக்குக் கிழமைக்கு உடல் எடையின் அரை முதல் ஒரு வீதம் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அந்தக் கீழ் எல்லைக்கும் கீழே நின்றேன். வேகமாகப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

1450 என்பதும் தினமும் 1450 இல்லை. கிழமைக்கு 10,150. ஜிம் போகும் மூன்று நாள் 1550, மற்ற நாலு நாள் 1375. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். சொந்தத்தில் கலியாண வீடு வந்தால் அதற்கு முன்பின் நாட்களில் நூறு நூறாகக் கழித்துக்கொள்வேன். கலியாண வீட்டில் கோப்பையைப் பார்த்து முகம் சுளிக்கும் ஆளாக நான் மாற விரும்பவில்லை.

புரதம். கலோரிக்கு அடுத்தபடியாக நான் பார்க்கும் ஒரே எண் இதுதான். கொழுப்பைக் குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க இரண்டு வேண்டும்: பாரம் தூக்குவதும் போதிய புரதமும். கிலோவுக்கு 1.6 கிராமிலிருந்து என்று சொல்வார்கள். போய்ச் சேர வேண்டிய எடையாக 62ஐ வைத்து நான் நாளுக்கு 100 கிராம் என்று பிடித்துக்கொண்டேன். கடலோரத்தில் பிறந்ததற்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. சூரை மீன் பச்சையாக 100 கிராமில் 22 கிராம் புரதம், 100 கலோரிக்குக் கொஞ்சம் மேல். 150 கிராம் எடுத்தால் 33 கிராம். பாரை, விளைமீன் எல்லாம் ஏறக்குறைய அப்படியே. விலை கூடின நாட்களில் நெத்தலிக் கருவாடு. 20 கிராமிலேயே பத்து கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, உப்பை மட்டும் கழுவிவிட வேண்டும். காலையில் மூன்று முட்டை 18 கிராம். டப்பாவில் வரும் புரத மாவை நான் வாங்கவில்லை. தேவைப்படுபவர்கள் வாங்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் காசுக்கு மீன் சந்தையில் எத்தனை கிலோ சூரை வரும் என்று எண்ணினால் எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைதான் பிரச்சினை. அன்று வீட்டில் மரக்கறி, முட்டையும் இல்லை. முதல் மாதம் வெள்ளிகளில் என் புரதம் 40 கிராமில் நின்றது, கலோரியோ மற்ற நாளைவிடக் கூட. மரக்கறி நாளில் சுவைக்காகத் தேங்காயும் பொரியலும் கூடும் அல்லவா, அதுதான். இப்போது காய்ந்த சோயா மீற் 40 கிராம் எடுத்து ஊறவைத்துப் பிழிந்து கறியாக்குவேன். 20 கிராம் புரதம் வரும். பின்னேரம் அவித்த கடலை 100 கிராம் 9 கிராம் தரும், 164 கலோரி. பருப்பு கொஞ்சம் கூட. இப்படியெல்லாம் செய்தும் வெள்ளி 70ஐத் தாண்டாது. தாண்டாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். கிழமையில் ஆறு நாள் 100 எடுப்பவருக்கு ஒரு நாள் 70 ஒன்றும் செய்யாது. கிண்ணியாவிலிருந்து வரும் எருமைத் தயிரைப் புரதக் கணக்கில் எழுத ஆசைப்பட்டேன். எழுதிப் பார்த்தால் கொழுப்புக் கணக்குத்தான் கூடியது, போதாதென்று மேலே ஊற்றும் பாணி. அது ஞாயிற்றுக்கிழமைக்கு.

எடை இறங்குவதை மட்டும் பார்த்தால் கலோரி சரியா, குறைவா என்று தெரியாது. 1200இலும் எடை இறங்கத்தான் செய்தது. எனக்குச் சாட்சி பார்பெல். 1450க்கு வந்து ஒரு மாதத்தில் டெட்லிஃப்ட் பழைய 60க்கு வந்தது, ஆவணி முடிய 70. பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட் மெதுவாக, ஆனால் ஏறியது. குறைத்துச் சாப்பிடும் காலத்தில் பாரம் ஏறாவிட்டாலும் பரவாயில்லை, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று கிழமை தொடர்ந்து எல்லாத் தூக்குகளும் சரிந்தால் சாப்பாடு போதவில்லை, அல்லது நித்திரை போதவில்லை.

அல்லது கச்சான் அடிக்கிறது. ஆனியில் ஒரு கிழமை எல்லாமே சரிந்தது. கலோரியைக் கூட்டுவோமா என்று யோசித்தேன். பிறகுதான் பார்த்தேன், அந்தக் கிழமை முழுக்க மேற்கிலிருந்து வீசும் அந்த வறண்ட சூட்டுக் காற்று. விடியப்புறமே தகரக் கூரைக்குக் கீழே மூச்சு முட்டும். வியர்வையில் போன தண்ணீருக்கும் உப்புக்கும் ஈடு செய்யாமல் தூக்கியிருக்கிறேன். இரவே நன்றாகத் தண்ணீர் குடித்து, காலையில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோடு போனதும் தூக்குகள் திரும்பி வந்தன. கச்சான் நாட்களில் தராசும் அரைக் கிலோ குறைத்துக் காட்டும். அதையும் நம்பவில்லை.

ஆவணியில் இரண்டு கிழமை வேண்டுமென்றே 1750 சாப்பிட்டேன். எடை ஏறவில்லை. அதுவே என் 1770 கணக்குக்கு இரண்டாவது ஆதாரம். புரட்டாதி முடிய 65.3 கிலோ, இடுப்பு 83.

இடையில் மாமி தானும் என்னைப் போலச் சாப்பிடப் போவதாகத் தொடங்கினார். அவருக்குச் சீனி வருத்தம், மாத்திரை எடுக்கிறார். சில மாத்திரைகளோடும் ஊசியோடும் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். முதலில் கிளினிக்கில் கேட்போம் என்று நிறுத்திவிட்டேன். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு இல்லை. மாமிக்கு டொக்டர் சொன்னது சோற்றைக் கொஞ்சம் குறைத்து நடக்கத்தான். அந்த நடையில்தான் அவர் என்னோடு சேர்ந்தார். பின்னேரங்களில் டச்சுக்குடா மணலோரம் நடப்போம். சில நாள் கோட்டை வாசலால் ஏறி, மான்கள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு கோணேஸ்வரம் வரை போய் வருவோம். ஏற்றத்தில் மாமி எனக்கு முன்னே போவார்.

இந்த நடை எவ்வளவு வேலை செய்தது என்று ஐப்பசி கார்த்திகையில் தெரிந்தது. வாடைக்காற்று மழை தொடங்கியதும் நடை நின்றது. ஜிம் நிற்கவில்லை, குடையோடு போனேன். சாப்பாடும் அதே 1450. ஆனால் எடை 64.7, 64.6, 64.8 என்று ஐந்து கிழமை ஒரே இடத்தில் நின்றது. பழைய நானாக இருந்திருந்தால் உடனே 1200க்கு இறங்கியிருப்பேன். இந்தத் தரம் கொப்பியைத் திறந்தேன். நாளுக்கு எட்டாயிரம் அடியாக இருந்த நடை 4500க்கு இறங்கியிருந்தது. என் உடம்புக்கு அது நூறு கலோரி. அதோடு ஆறு கிலோ குறைந்த உடம்பு எரிப்பதும் குறைவு: சமன்பாட்டில் புதிய எடையையும், கூடிப்போன ஒரு வயதையும் போட்டால் மொத்தச் செலவு இன்னொரு 90 குறைகிறது. 1770 இப்போது 1580. நான் குறைப்பது 130 மட்டுமே. மழைக்குச் சூடாக ஒரு பருப்பு வடை சாப்பிட்டால் அந்த 130உம் போய்விடும்.

130ஐ 300 ஆக்க 1280க்கு இறங்க வேண்டும். அது இந்த எடைக்கு, நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு எரிக்கிற அளவுக்குச் சமம். அந்த வழியில் ஒருமுறை போய் வந்தவள் நான். அதனால் மழை முடியும் வரை குறைப்பதையே நிறுத்தினேன். இப்போது 1600 சாப்பிடுகிறேன். எடை 65இல் நிற்கிறது, டெட்லிஃப்ட் மட்டும் 80க்குப் போயிருக்கிறது. இடுப்பு 82. எங்களைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு 80க்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள், அதற்கு இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் இருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு மழை விட்டு மாமியும் நானும் திரும்ப நடக்கத் தொடங்கினால் செலவு 1680க்கு ஏறும். அப்போது 1380 என்று தொடங்கி, நாலு கிழமை எழுதிப் பார்த்துத் திருத்துவேன். நேற்று ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று தம்பியிடம் எத்தனை கலோரி என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். "வீட்டில நாளுக்கு எத்தனை தேங்காய்?" என்று அவளிடம் கேட்டேன்.